டிஎஃப் 417 ஜிபி என்கிறது, டியூ 168 என்கிறது. மீதி 249 ஜிபி எங்கே?

அச்சுமை:
வணக்கம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று சர்வரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். உபுண்டு 22.04. சிஸ்டம் ஒரு 480 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. டிசைன் ஃபைல்கள் தனியாக இரண்டு 2 டிபி டிஸ்க்கில், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே விஷயம் எழுதப்படும்). பேக்கப்புக்கு 4 டிபி யூஎஸ்பி டிஸ்க், /பேக்கப் என்ற இடத்தில் மவுண்ட் ஆகும், அதாவது அந்தப் பாதையில் இணைந்து தெரியும். தினமும் இரவு 11 மணிக்கு க்ரானில் (நேரம் குறித்து வேலையை ஓட்டுவது) ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடி டிசைன் ஃபைல்களை அதில் நகலெடுக்கும்.

நேற்று காலையிலிருந்து பில் போட முடியவில்லை. டிஸ்க்கில் இடமில்லை என்கிறது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். டிஸ்க்கின் மொத்தக் கணக்கைச் சொல்லும் டிஎஃப் கட்டளையைப் போட்டால், சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 439 ஜிபி, பயன்பாடு 417, மீதி 0. ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும் டியூவை, மற்ற டிஸ்க்குகளை விட்டுவிடும் -எக்ஸ் சேர்த்து ஓட்டினால் மொத்தமே 168 ஜிபிதான் வருகிறது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் (மாதிரிப் புத்தகம்) வெளியாக வேண்டும், முதலாளி நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார். உதவுங்கள்.

லாக்தின்னி:
ஏதோ ஒரு ப்ராசஸ் அழித்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கும். எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டுப் பாருங்கள், அப்படிப்பட்ட ஃபைல்களைக் காட்டும். பெரிய லாக் ஃபைலை அழித்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

அச்சுமை:
போட்டேன் அண்ணா. நாலைந்து குட்டி ஃபைல்கள், எல்லாம் சேர்த்து 3 எம்பி கூட இல்லை. நேற்றே ஒருமுறை ரீபூட்டும் செய்துவிட்டேன்.

ரூட்டாண்டி:
ரீபூட் செய்த பிறகும் இடம் திரும்பவில்லை என்றால் அது திறந்து கிடக்கும் ஃபைல் இல்லை. ப்ராசஸ் செத்ததுமே அந்த இடம் விடுபட்டிருக்கும்.

முதலில் பில்லிங்கை ஓட வையுங்கள். 439ல் 417 போனால் 22 மிச்சம் இருக்க வேண்டுமே, ஏன் 0 காட்டுகிறது? இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைக்கும், அதுதான் அந்த 22. டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்தால் ஒதுக்கீடு 1 சதவீதமாகக் குறையும், 17 ஜிபி போல உடனே கிடைக்கும். டிஸ்க்கை அன்மவுண்ட் செய்ய வேண்டாம்.

அப்புறம் ஒரு கேள்வி. அந்த யூஎஸ்பி டிஸ்க் நடுவில் எப்போதாவது கழன்று கிடந்ததா?

அச்சுமை:
பில்லிங் ஓடுகிறது, கோடி நன்றி!

ஆமாம், கழன்றிருந்தது. ஜூன் 27 அன்று கரண்ட் போய் வந்தபோது யூபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. சர்வர் தானாக எழுந்துகொண்டது, டிஸ்க்கின் அடாப்டர் போய்விட்டது. ஜூலை 16 காலையில்தான் கவனித்து வேறு அடாப்டர் வாங்கி மாட்டினேன். ஆனால் பேக்கப் நிற்கவில்லை, லாகில் தினமும் வெற்றி என்றுதான் இருக்கிறது.

ரூட்டாண்டி:
அங்கேதான் இருக்கிறது உங்கள் 249 ஜிபி. /பேக்கப் என்பது வெறும் ஃபோல்டர், டிஸ்க் மவுண்ட் ஆகும்போது அதன் மேல் வந்து உட்காரும். எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல் ஃபைல்) நோஃபெயில் போட்டிருப்பீர்கள், அதனால் டிஸ்க் இல்லாமலேயே சர்வர் பூட் ஆகியிருக்கிறது. ஆர்சிங்க் பாவம், அந்த வெறும் ஃபோல்டருக்குள், அதாவது எஸ்எஸ்டியிலேயே, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதியிருக்கிறது. 16ஆம் தேதி டிஸ்க்கை மாட்டியதும் அது மேலே ஏறி அடியில் இருப்பதை மறைத்துவிட்டது. டியூ கண்ணுக்குப் படாது, டிஎஃப் கணக்கில் மட்டும் நிற்கும்.

பார்க்க வேண்டுமானால், /எம்என்டி/அடி என்று ஒரு ஃபோல்டர் போட்டு ரூட்டை அங்கே பைண்ட் மவுண்ட் செய்யுங்கள் (மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/அடி). ரூட் அங்கே இன்னொரு முறை தெரியும், மேலே ஏறிய டிஸ்க் அதில் வராது. பிறகு அதற்குள் இருக்கும் பேக்கப் ஃபோல்டரைத் திறங்கள்.

லாக்தின்னி:
அட, என் பதில் தப்பு. அப்படியானால் /பேக்கப்புக்குள் போய் எல்லாவற்றையும் அழித்துவிடலாமே?

ரூட்டாண்டி:
ஐயோ, வேண்டாம்! இப்போது அந்தப் பாதையில் இருப்பது உண்மையான பேக்கப் டிஸ்க். அங்கே ஆர்எம் (அழிக்கும் கட்டளை) அடித்தால் இருக்கிற ஒரே பேக்கப்பும் போச்சு. எப்போது அழித்தாலும் பைண்ட் மவுண்ட் வழியாகத்தான். அதையும் இன்றைக்கே செய்ய வேண்டாம்.

அச்சுமை:
இருக்கிறது அண்ணா! 249 ஜிபி அப்படியே, கடைசித் தேதி ஜூலை 15 இரவு 11 மணி.

அழிக்க வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று இப்போது புரிகிறது. 18ஆம் தேதி இங்கே ஒருவர் முருகன் பட டிசைனை லேயர் எல்லாம் ஒன்றாக்கி அதே பெயரில் சேவ் செய்துவிட்டார். அன்று இரவே பேக்கப்பும் அதையே நகலெடுத்துக்கொண்டது, பழையது போய்விட்டது. மயில் ஒரு லேயர், வேல் ஒரு லேயர், கடைப்பெயர் ஒரு லேயர் என்று நாலு நாள் வேலை. மறுபடி வரைய உட்கார்ந்திருந்தேன். அடியில் இருந்த நகலில் லேயரோடு முழுசாக இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் திறந்து பார்த்துவிட்டேன்.

வெறும்பார்வை:
ரெய்டு இருந்தும் ஏன் போனது?

ரூட்டாண்டி:
டிஸ்க் செத்தால்தான் ரெய்டு காப்பாற்றும். தப்பாக சேவ் செய்தால் அந்தத் தப்பை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும்.

அச்சுமை தம்பி, தேவையானதை எல்லாம் எடுத்து முடித்த பிறகு அடியில் இருப்பதை அழியுங்கள். அப்புறம் பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயின்ட் -க்யூ கட்டளையை வைத்து, டிஸ்க் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே வெளியேறட்டும். இன்னொரு பூட்டும் உண்டு: டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலி ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் +ஐ கொடுத்தால் ரூட் கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் மேலே மவுண்ட் ஆவதற்கு அது தடையில்லை.

ஒரே நகலின் மேல் தினமும் எழுதுவதையும் விடுங்கள். ஆர்சிங்க்கில் லிங்க்-டெஸ்ட் பயன்படுத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபோல்டர் கிடைக்கும், மாறாத ஃபைல்கள் ஹார்ட் லிங்க்காக (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயராக) இருப்பதால் இடம் தின்னாது. ஆனால் 1 ஜிபி பிஎஸ்டியில் (ஃபோட்டோஷாப் ஃபைல்) ஒரு புள்ளி மாறினாலும் முழு 1 ஜிபியும் புதிதாக எழுதப்படும். உங்கள் வேலைக்கு ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் நிரல் பொருந்தும் என்பது என் எண்ணம். அவை ஃபைலைத் துண்டு துண்டாகப் பார்ப்பதால் மாறிய துண்டை மட்டும் சேமிக்கும்.

அச்சுமை:
செய்கிறேன் அண்ணா. யூபிஎஸ் பேட்டரிக்கும் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஆல்பம் முடியட்டும் என்றார்.

ரூட்டாண்டி:
மயில் லேயர் கதையை அவரிடம் சொன்னீர்களா?

அச்சுமை:
இன்னும் இல்லை. நாலு நாள் அவகாசம் கேட்டு வாங்கியிருந்தேன். அதில் இரண்டு நாள் தூங்கிக்கொள்கிறேன்.