மீன்களின் வெண்புள்ளி நோய்க்குக் கல்லுப்பா, மருந்தா?

சிப்புட்_டெட்ரா (சுங்கை சிப்புட், மலேசியா):
பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கிய நியான் டெட்ரா மீன்களை விட்ட சில நாள்களில், என் 100 லிட்டர் தொட்டி மீன்களின் துடுப்பிலும் உடலிலும் ரவையைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. அதே தொட்டியிலுள்ள கிளவுன் லோச்சு மீன்களுக்கும் பரவிவிட்டது. கடைக்காரர் மாலக்கைட் கிரீன் என்னும் பச்சைச் சாயம் கலந்த மருந்தைத் தந்தார். வீட்டுப் பெரியவர்களோ கல்லுப்பே போதும் என்கிறார்கள். எதைத் தொடங்குவது?

தகரக்கூரை:
கல்லுப்பையே தொடங்குங்கள், தம்பி. லிட்டருக்கு 2 கிராம் வீதம் 200 கிராம் உப்பைத் தொட்டித் தண்ணீரிலேயே தனியாகக் கரைத்து, இரண்டு நாளில் பகுதி பகுதியாக ஊற்றுங்கள். குளிர்நாடுகளில் ஹீட்டர் வைத்து 30 பாகைக்கு ஏற்றச் சொல்வார்கள். நம் தோட்டத்து வீடுகளில் பகல் வேளையில் தண்ணீர் அதை ஒட்டித்தான் இருக்கும், மாலை மழைக்குப் பின் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சூடான நீரில் பிராணவாயு குறையுமென்பதால் ஏர் பம்ப்பை நிறுத்தவே கூடாது.

மருந்துப்பெட்டி:
ஐயா, உப்பு போடுபவர்களில் பலர் புள்ளி உதிர்ந்ததுமே நோய் போய்விட்டதென்று நிறுத்திவிடுகிறார்கள். என் மறுப்பே அங்கிருந்துதான் தொடங்குகிறது. புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருப்பதால் உப்போ மருந்தோ அதைத் தொடுவதில்லை. அது வளர்ந்து உதிர்ந்து, சரளைக்கல்லில் ஒட்டி, உறைக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளிவந்து, புதிய மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரு நாளில் மட்டுமே அதைக் கொல்ல முடியும். மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவே மடியும். ஆனால் மற்ற மீன்கள் தொட்டியில் இருக்கும்வரை அவற்றுக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே புள்ளியுள்ள மீனை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுவதும் வீண்வேலை. 2 கிராம் உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். செவுளில் தொற்றிய மீனுக்கு அவ்வளவு அவகாசம் இராது. லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது என்பதால் மருந்தைப் பாதி அளவில் கொடுக்கலாம். பில்டரில் உள்ள கார்பனை (கரியை) எடுத்துவிட வேண்டும், இல்லையேல் மருந்தை அது உறிஞ்சிவிடும்.

தகரக்கூரை:
வாழ்க்கைச் சுற்றைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மாற்றியெடுக்கும் பச்சைத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வரிசை வீடுகளின் கால்வாய், பின்னால் தீலாப்பியா வளர்க்கும் குளத்தின் பக்கமாகத்தான் ஓடுகிறது. உண்ணும் மீனுக்குத் தடைசெய்யப்பட்ட சாயத்தை அதில் கலப்பது நியாயமா? கையில் பட்டாலே எத்தனை நாள் கறை!

மருந்துப்பெட்டி:
கையுறை அணியலாம். சிகிச்சை முடிந்ததும் புதிய கார்பனைப் பில்டரில் வைத்து நிறம் முழுதும் அகலும்வரை ஓடவிட்டு, பிறகு தண்ணீரை மாற்றுங்கள். அதையும் கால்வாயில் ஊற்றாமல் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடலாம். உப்பும் தீங்கற்றதல்ல, செடிகள் நிறைந்த தொட்டியில் இலைகள் கருகிவிடும். தம்பி, லோச்சுகளின் செவுள் எப்படி அசைகிறது?

சிப்புட்_டெட்ரா:
இரண்டு லோச்சுகள் ஏர் பம்ப் குமிழிகளுக்கு அருகிலேயே நின்று வேகமாக மூச்சு வாங்குகின்றன, மற்றவை தின்கின்றன.

தகரக்கூரை:
அப்படியானால் இம்முறை மருந்தையே பாதி அளவில் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடருங்கள், அடிச்சரளையை உறிஞ்சி எடுங்கள். தண்ணீரைக் கால்வாயில் விடும் பேச்சுக்கு மட்டும் நான் இடங்கொடுக்க மாட்டேன்.