தோட்டத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அவசர பட்டன்: எதை வாங்கலாம்?

கேட்டவர்: கொறங்காட்டுப் பையன்

வணக்கமுங்க. அம்மாவுக்கு 74 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் வேலை. என்ன அவசரம் என்றாலும் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அம்மாவுக்குக் காலையும் இரவும் சர்க்கரைக்கு ஊசி, பிரஷருக்கு மாத்திரை. எங்களோடு வந்து இருங்கள் என்றால், "மாட்ட யாரு பாப்பா?" என்பதுதான் பதில்.

போன மாதம் வெள்ளென ஐந்தரைக்குக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. செல்போன் சாளைக்குள் சார்ஜில். சொசைட்டிக்குப் பால் வரவில்லையே என்று பால்காரர் எட்டரைக்கு வந்து பார்த்ததால்தான் தெரிந்தது. எலும்பு முறியவில்லை, அந்தமட்டில் சாமி காப்பாற்றியது. ஆனால் மூன்று மணி நேரம் சாணி ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். "கத்துனேன் கண்ணு, மாடுதான் திரும்பிப் பாத்துச்சு" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கழுத்தில் மாட்டுகிற, அழுத்தினால் நாம் பதிந்து வைத்த நம்பர்களைக் கூப்பிடுகிற பட்டன், கையில் கட்டுகிற வாட்ச் என்று ஆன்லைனில் என்னென்னவோ இருக்கிறது. தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு எது சரிப்படும்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பொள்ளாச்சி மகள்

அண்ணா, அப்பாவுக்கு இதே மாதிரி ஒரு பட்டன் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒருநாள் தென்னந்தோப்பில் நெஞ்சு வலி வந்து அழுத்தியிருக்கிறார். முதல் நம்பர் நான், அப்போது சென்னையில் இருந்தேன், போனை சைலண்டில் போட்டிருந்தேன். இரண்டாவது என் தம்பி, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. அவர் நம்பர் மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டன் சரியாகத்தான் வேலை செய்தது, நாங்கள்தான் எடுக்கவில்லை. அப்பா அன்று பிழைத்துக்கொண்டார். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

அதனால் எந்தப் பட்டன் என்பதற்கு முன்னால், அழுத்தினால் பத்து நிமிடத்தில் யார் ஓடி வருவார்கள் என்று பாருங்கள். முதல் நம்பர் அவர்களுடையதாக இருக்கட்டும். உங்கள் நம்பர் மூன்றாவதாக இருந்தால் போதும். அப்புறம், தண்ணீர் பட்டாலும் கெடாததாகப் பாருங்கள். பொடக்காலியில் குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள், வழுக்குவதும் அங்கேதான்.

பதில்: கோபி மொபைல் கடை

விலை குறைந்த பட்டன்களில் பலதும் ப்ளூடூத்தில் செல்போனோடு சேர்ந்துதான் வேலை செய்யும். போன் சாளைக்குள் இருந்து அம்மா கட்டுத்தரையில் இருந்தால், பத்து மீட்டர் தாண்டியதுமே அது சும்மாதான். சிம் போடுகிற பட்டனாகவே வாங்குங்கள். அதிலும் 2ஜி மட்டும் எடுக்கிறவை உண்டு, அவற்றில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. ரீசார்ஜ் முடிந்த சிம்மால் கூப்பிட முடியாது, அந்தத் தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள்.

விழுந்தால் தானாகவே கூப்பிடுகிற வாட்ச் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆப்பிள் வாட்சில் 2018-ல் வந்த சீரீஸ் 4 முதல் அந்த வசதி இருக்கிறது. பலமாக விழுந்து ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அழைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும், சுவரோடு சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். மாடு கன்றோடு இருக்கிற அம்மாவுக்குப் பெரிய பட்டன்தான் என் யோசனை.

பதில்: பெருந்துறை நர்ஸ்

தம்பி, அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது பார்த்தீர்களா? இரவு ஊசி போடுகிறவர்களுக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கலாம். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். நாம் வழுக்கியது என்று நினைத்துவிடுவோம். பிரஷர் மாத்திரையால் எழுந்து நின்றதும் தலை சுற்றவும் செய்யலாம். படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தாலே ஆபத்து. உடம்பு அழுந்திய இடத்தில் தசை சிதைந்து கிட்னியைக் கெடுக்கலாம். மூன்று மணி நேரம் என்று படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. கட்டுத்தரையிலும் ஒரு டப்பாவில் சர்க்கரை வையுங்கள். சர்க்கரை இறங்கும்போது நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த இட்டேரியில் திரும்ப வேண்டும் என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வராது.

கேட்டவர்: கொறங்காட்டுப் பையன்

எல்லோருக்கும் நன்றிங்க. இருபது நாள் கழித்து எழுதுகிறேன். நர்ஸ் அக்கா சொன்னது சரிதான், விடியற்காலையில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. டாக்டர் இரவு ஊசியின் அளவைக் குறைத்துவிட்டார்.

சிம் போடுகிற பட்டன் வாங்கினோம். அம்மாவோடு நடந்து இடம் இடமாக அழுத்திப் பார்த்தேன். கட்டுத்தரையிலும் பொடக்காலியிலும் அழைப்பு போனது, கிணற்று மேட்டில் மட்டும் போகவில்லை. வேறு கம்பெனி சிம் போட்டதும் அங்கேயும் சரியாகிவிட்டது. முதல் நம்பர் இட்டேரிக்கு அந்தப் பக்கத் தோட்டத்து அக்காவுடையது. கேட்டதும், "இதுக்குப் போயி கேக்கோணுமா?" என்று கோபித்துக்கொண்டார்.

கருப்புக் கயிற்றில் கோத்து அம்மா கழுத்தில் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை பொழுதோடு பால் கறந்ததும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. போன வாரம் அம்மா மறந்துவிட்டார். ஏழு மணிக்கு அந்த அக்காவே டார்ச் அடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.