‘ப்ஸ்யூடோஸ்’: ‘பொய்ம்மை’ என்றே வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கிரேக்க மெய்யியலில் உண்மைக்கு மாறானதைக் குறிக்க வரும் ‘ப்ஸ்யூடோஸ்’ என்ற சொல்லை, தமிழில் பெயர்க்கும்போது ஏமாற்றும் இடத்தில் ‘பொய்’ என்றும் அறியாமல் சொல்லும் இடத்தில் ‘தவறு’ என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்று ஐயா எழுதியிருந்தார். வஞ்சகம் இல்லாதவரைப் பொய்யராக்கக் கூடாது என்ற அவர் கவலை நியாயமானது. ஆனால் பிரித்தால் பிளாட்டோவின் வாதமே உடைந்துவிடும்.

அவருடைய ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். வாயால் சொல்லும் பொய் வெறும் சாயல்தான். உள்ளதைப் பற்றி உயிரே ஏமாந்து அறியாமையில் கிடப்பதுதான் அசல் பொய், அதைத் தேவரும் மனிதரும் வெறுக்கிறார்கள் என்கிறார் சாக்ரடீஸ். இரண்டுக்கும் ஒரே சொல். ஒன்றைப் ‘பொய்’, மற்றதைத் ‘தவறு’ என்று போட்டால் எது எதன் சாயல் என்றே தெரியாது.

பிளாட்டோவின் ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் எலியா என்ற ஊரிலிருந்து வந்தவர், எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞன் தியேட்டெட்டஸிடமே ‘தியேட்டெட்டஸ் பறக்கிறான்’ என்கிறார். யாரும் ஏமாறவில்லை, ஆனாலும் அது ப்ஸ்யூடோஸ். தியேட்டெட்டஸ் இருக்கிறான், பறத்தல் என்ற ஒன்றும் உலகில் இருக்கிறது. அவனிடம் அது இல்லை, அவ்வளவுதான். இல்லாததைச் சொல்லவே முடியாது என்று பிளாட்டோவுக்கு முந்தைய மெய்யியலாளர் பார்மெனிடீஸ் போட்ட முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது.

பொய் என்றாலே வஞ்சகம் என்று தமிழும் நினைக்கவில்லை. மழை பொய்த்தது, கணிப்பு பொய்த்தது என்கிறோம். ‘விண்இன்று பொய்ப்பின்’ என்கிறது குறள். வானத்துக்கு ஏது வஞ்சகம்? ஆகவே பொதுச்சொல் ‘பொய்ம்மை’, தெரிந்தே சொல்வது மட்டும் ‘பொய்யுரை’.

அப்புறம் ப்ஸ்யூடோஸுக்கு எதிர்ச்சொல்லான ‘அலேதேயா’. ‘வாய்மை’ வேண்டாம், தீமை இல்லாத சொல் என்று குறள் அதை அறத்தின் பக்கம் வைத்துவிட்டது. ‘உண்மை’ பழந்தமிழில் இருத்தலையும் குறிக்கும், இன்மைக்கு எதிர். இருப்பு பற்றிய பேச்சில் குழப்பும். ‘மெய்ம்மை’ பொய்ம்மைக்கு நேர் இணை. அரிஸ்டாட்டிலின் வரையறையில் வைத்துப் பார்த்தேன்: உள்ளதை இல்லை என்பதும் இல்லாததை உண்டு என்பதும் பொய், உள்ளதை உண்டு என்பதும் இல்லாததை இல்லை என்பதும் மெய். எங்கும் இடறவில்லை.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால், ‘தியேட்டெட்டஸ்’ உரையாடலில் வரும் பொய்யான ‘டாக்ஸா’வுக்கு (ஒருவர் மனத்தில் கொள்ளும் கருத்துக்கு) ‘பொய்க்கருத்து’ பொருந்துமா, ‘பொய்யெண்ணம்’ பொருந்துமா என்று அடுத்துப் பார்க்கலாம்.