மறு: குளிரில் படுத்துவிடும் பேட்டரி – "குளிர்விறைப்பு" சரிவருமா?

நண்பர்களே, வணக்கம். குளிரில் பேட்டரி தற்காலிகமாகப் படுத்துவிடுவதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்; என் தேர்வு "குளிர்விறைப்பு".

> "குளிர் மின்னிழப்பு" என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் அங்கே எதுவும் இழக்கப்படுவதில்லையே.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியில் கிப்பர் ஊருக்குப் பனிச்சிறுத்தையைப் படமெடுக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். மாசிக் குளிரில் முக்காலிமேல் கேமரா மலைமுகட்டைப் பார்த்து மணிக்கணக்கில் நிற்கும். பேட்டரிக் குறி பாதிக்கு மேல் காட்டும். சிறுத்தை தலைகாட்டியதும் படபடவென்று நாலு படம் எடுத்தால், குறி சிவந்து கேமரா அணைந்துவிடும். அதே பேட்டரியைக் கழற்றி, உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திரும்பப் போட்டால், மறுபடி ஓடும். இழந்தது என்றால் இது எங்கிருந்து வந்தது?

லித்தியம் அயனி மின்கலத்தில் மின்பகுளி, அதாவது அயனிகள் நகரும் திரவம், குளிரக் குளிரப் பாகுபோல் தடிக்கிறது, அயனிகளின் நகர்வு மந்தமாகிறது, அகமின்தடை ஏறுகிறது. ஷட்டரும் லென்ஸ் மோட்டாரும் ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிய, சார்ஜ் தீர்ந்தது என்று கேமரா முடிவுகட்டிவிடுகிறது. பல கேமராக்களின் கையேட்டில் இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் என்றுதான் போட்டிருக்கும். கிப்பரில் குளிர்கால இரவு −20க்கும் கீழே போகும்.

அதனால்தான் "குளிர்விறைப்பு" என்கிறேன். குளிரில் கை விறைத்துப்போனால் அனல் காட்டுகிறோம், சரியாகிவிடுகிறது. திரும்பி வரும் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. "உறைவு" என்ற இன்னொரு பரிந்துரை பொருந்தாது. இங்கே மின்பகுளி உறைந்து கட்டியாகிவிடவில்லை.

> பொறியியலில் "விறைப்பு" ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறதே?

இருக்கிறது, கட்டட விட்டமும் சுருள்வில்லும் சுமைக்கு எளிதில் வளைந்துகொடுக்காத தன்மைக்கு. "குளிர்" என்ற முன்னொட்டை விடாமல் எழுதினால் குழப்பம் வராது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிரந்தரமான கேடு ஒன்றும் குளிரில் உண்டு. சில்லிட்ட பேட்டரியை அப்படியே சார்ஜரில் போட்டால், மின்கலத்தின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சூடு காட்டினாலும் அது முழுதாகத் திரும்பாது. கொள்ளளவு குறையும்; முற்றினால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படலாம். இதற்கு "லித்தியப் படிவு" என்று தனிச்சொல் வேண்டும். "குளிர் மின்னிழப்பு" இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடுகிறது. அதைப் படிக்கிறவர் என்ன செய்வார்? விறைத்த பேட்டரியைத் தீர்ந்துபோனதாக எண்ணி நேரே சார்ஜரில் மாட்டுவார். நம் சொல்லே பேட்டரியைக் கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

கேமராவை வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் லென்ஸில் ஈரம் பூப்பதற்கும் ஒருவர் சொல் கேட்டிருந்தார். "ஆவி படிதல்" போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

கையேட்டுக்கான வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: "குளிர்விறைப்பு கண்ட மின்கலத்தை முதலில் உடற்சூட்டில் வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் லித்தியப் படிவு உண்டாகும்." இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். குறிப்பாக, "விறைப்பு" என்ற சொல் ஈழத்து வழக்கில் இந்தப் பொருளுக்கு இடறுமா என்று அங்குள்ள நண்பர்கள் சொன்னால் நல்லது.