பதில்: பெக்டேட் லையேஸ் – தமிழில் என்ன பெயர்?

> எல்லாவற்றுக்கும் ‘பெக்டின் சிதைப்பி’ என்றே வைத்துவிடலாமே. மென்னழுகலைப் பற்றிப் படிப்பவருக்கு அது போதும்.

அன்புள்ள நண்பருக்கு,

பெக்டினைத் தாக்கும் நொதிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர் போதாது என்பதே என் கருத்து. மென்னழுகல் நோயை உண்டாக்கும் பெக்டோபாக்டீரியம், டிக்கேயா ஆகிய பாக்டீரியாக்கள் ஒரே நொதியை வைத்துக்கொண்டு கிழங்கைக் கூழாக்குவதில்லை. தாவரச் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினின் முதன்மைச் சங்கிலி, கேலக்டுரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தின் அலகுகளால் ஆனது. பல அலகுகளில் மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கும். எஸ்டரேஸ் என்ற நொதி அந்த மெத்திலைக் கழற்றி மெத்தனாலாக வெளியேற்றுகிறது. சங்கிலி அறுபடுவதே இல்லை! அதைச் ‘சிதைப்பி’ என்பது எப்படிப் பொருந்தும்? ‘மெத்தில் கழற்றி’ என்றால் வேலை விளங்கிவிடும்.

மெத்தில் நீங்கிய பெக்டேட்டை அறுக்க இரண்டு வழிகள். பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதி ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து அறுக்கிறது. அமிலச் சூழலில் நன்றாக இயங்கும். இதை ‘நீராற்பகுப்பி’ என்பதில் யாருக்கும் தகராறு இராது. மற்றொன்றான பெக்டேட் லையேஸ் நீரைத் தொடுவதில்லை. ஹைட்ரஜனை நீக்கிப் பிணைப்பைப் பிளக்கிறது. பிளந்த துண்டின் நுனியில் ஓர் இரட்டைப் பிணைப்பு தங்கிவிடுகிறது. கால்சியம் அயனி இல்லாமல் இது நகராது. காரச் சூழலே இதற்கு உகந்தது. மென்னழுகலில் பெரும்பங்கு வேலை இதனுடையதுதான்.

ஆய்வகத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்த இரட்டைப் பிணைப்பு 235 நானோமீட்டர் அருகே புற ஊதா ஒளியை உறிஞ்சுவதால், லையேஸ் கலந்த கரைசலில் அளவீடு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈடிடிஏ சேர்த்தால் ஏற்றம் நின்றுபோகும். பாலிகேலக்டுரோனேஸ் எவ்வளவு அறுத்தாலும் அந்த அலைநீளத்தில் ஏற்றம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு இந்தச் சோதனையை மாணவருக்கு எப்படி விளக்குவது?

லையேஸுக்கு ‘நீரிலாப் பிளப்பி’ என்று முன்னர் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் ஆக்சிஜனேற்றத்தால் பிளக்கும் நொதிகளும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேதியியல் பாடநூல்களில் ‘நீக்க வினை’ ஏற்கெனவே வழங்குகிறது. அதையொட்டி ‘நீக்கப்பிளப்பு’ என்று வினையையும் ‘நீக்கப்பிளப்பி’ என்று நொதியையும் அழைக்கலாம் என்கிறேன். ‘பெக்டேட் நீக்கி’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். கறை நீக்கி போல ஒலிக்கும்.

மெத்தில் ஒட்டியிருக்கும்போதே அறுக்கும் பெக்டின் லையேஸும் உண்டு. அதற்குக் கால்சியம் தேவையில்லை. அது ‘பெக்டின் நீக்கப்பிளப்பி’ ஆகிவிடும்.

‘மென்னழுகல்’ அப்படியே இருக்கட்டும். ஆனால் திசு கூழாவதைக் குறிக்கவும் சிலர் ‘அழுகல்’ என்றே எழுதுகிறார்கள். செல்களை ஒட்டவைக்கும் இடையடுக்கு கரைந்து செல்கள் பிரிவது ஒன்று. சுவர் நலிந்தபின் உள்ளழுத்தம் தாங்காமல் சவ்வு வெடித்துச் செல் சாவது இன்னொன்று. செறிந்த கரைசலில் வைத்துச் செல்லின் உள்ளடக்கத்தைச் சுருங்கச் செய்தால், நொதி வேலை செய்தாலும் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே முன்னதற்குத் தனியாகத் ‘திசுப்பிரிவு’ என்று ஒரு சொல் வேண்டும்.

மீதி இருப்பது, சங்கிலியை நடுவில் அறுப்பதையும் முனையிலிருந்து கடிப்பதையும் பிரித்துக் காட்டும் முன்னொட்டு. ‘அக’, ‘புற’ எனக்குப் பிடிக்கவில்லை. செல்லுக்கு உள்ளே, வெளியே என்று மயங்க இடமிருக்கிறது. ‘இடை’, ‘முனை’ என்று வைத்தால் மறுப்பு உண்டா?