டிஎஃப் 97%, டியூ 14 ஜிபி: லாக் ரொட்டேட் ஆகியும் டிஸ்க் ஏன் நிறைகிறது?

பில்லிங்_சர்வர்

உபுண்டு 22.04, 40 ஜிபி டிஸ்க், ஒரே ரூட் பார்ட்டிஷன், இஎக்ஸ்டி4. ஒரு ஜாவா அப்ளிகேஷன் ஓடுகிறது. ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் அதன் அவுட்புட் ஒற்றை > குறியோடு /வார்/லாக்/பில்லிங்/பில்லிங்.லாக் ஃபைலுக்குப் போகிறது. லாக் ஃபைல்களைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் கான்ஃபிகில் சைஸ் 100எம், ரொட்டேட் 7, கம்ப்ரெஸ், கிரியேட், நாட்இஃப்எம்ப்டி. அவ்வளவுதான்.

இப்போது டிஸ்கில் நிறைந்த இடத்தைக் காட்டும் டிஎஃப் -எச் போட்டால் 37 ஜிபி, 97% என்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ -எஸ்எச்எக்ஸ் / என்பதை ரூட்டாகப் போட்டால் 14 ஜிபிதான். மீதி 23 ஜிபி எங்கே? பில்லிங்.லாக் பூஜ்ய பைட். பக்கத்தில் பில்லிங்.லாக்.1.ஜிஇசட் ஒன்று மட்டும், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில். கையால் யாரும் எதையும் அழிக்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு முன் ரீஸ்டார்ட் செய்ய வழியில்லை. (கமாண்டுகளை ஒலித்தபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.)

இனோட்

யாரும் அழிக்கவில்லை என்பது பாதிதான் சரி. அழித்தது லாக்ரொட்டேட்.

லாக்ரொட்டேட் முதலில் பில்லிங்.லாக் என்ற பெயரை பில்லிங்.லாக்.1 என்று மாற்றியது. ஜாவா ப்ராசஸுக்குப் பெயரைப் பற்றிக் கவலை கிடையாது. அது திறந்து வைத்திருப்பது இனோடை, அதாவது பெயருக்குப் பின்னால் உள்ள ஃபைல் பதிவை. அதனால் .1-லேயே தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தது. பிறகு 'கிரியேட்' அதே பழைய பெயரில் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கியது. நீங்கள் பார்க்கும் பூஜ்ய பைட் அதுதான். சுருக்குவதை அடுத்த ரொட்டேட்வரை தள்ளிப்போடும் டிலேகம்ப்ரெஸ் இல்லாததால் ஜிஜிப் உடனே .1-ஐச் சுருக்கி .1.ஜிஇசட் ஆக்கியது, லாக்ரொட்டேட் .1-ஐ நீக்கிவிட்டது. பெயர் போயிற்று, ஆனால் ப்ராசஸ் பிடித்திருக்கும்வரை இனோடும் பிளாக்குகளும் டிஸ்கில் அப்படியே இருக்கும். டியூ பெயர்களைத் தொடர்ந்துபோய்க் கூட்டுகிறது, டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தைக் கேட்கிறது. வித்தியாசம் அங்கேதான். காலி ஃபைல் 100 எம்பியை எட்டப்போவதில்லை, ஆகவே மறுபடி ரொட்டேட் ஆகவும் இல்லை. மூன்று வாரமாக வந்த லாக் எல்லாம் பெயரில்லாத அந்த ஃபைலில் இருக்கிறது.

உறுதி செய்ய: சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1. லிங்க் எண்ணிக்கை 1-க்குக் கீழே உள்ள திறந்த ஃபைல்களை மட்டும் அது காட்டும். ஜாவா வரியில் என்லிங்க் (லிங்க் எண்ணிக்கை) பத்தியில் 0, கடைசியில் 'டெலீட்டட்' என்று இருக்கும். எஃப்டி (திறந்த ஃபைலின் எண்) பத்தியில் 1டபிள்யூ, 2டபிள்யூ என இரண்டு வரி வந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். ஸ்டாண்டர்ட் எர்ரரும் அதே ஃபைலுக்குப் போகிறது, இனோட் எண் ஒன்றாகவே இருக்கும்.

ரீஸ்டார்ட் வேண்டாம். ஆனால் காலி செய்யும் முன் லாக்கை வெளியே எடுத்துவிடுங்கள், ப்ராசஸ் நின்றால் அது போய்விடும். பிஐடி (ப்ராசஸ் எண்) 2114 என்று வைத்துக்கொண்டால், வேறு டிஸ்க்கோ என்எஃப்எஸ்ஸோ மவுண்ட் செய்துவிட்டு:

ஜிஜிப் -சி < /ப்ராக்/2114/எஃப்டி/1 > /எம்என்டி/பேக்கப்/பில்லிங்.ஜிஇசட்

அது முடிந்ததும் ரூட் ஷெல்லில்:

: > /ப்ராக்/2114/எஃப்டி/1

டிஎஃப் அந்த நொடியே இறங்கும். சூடோவை முன்னால் போட்டு அடித்தால் > குறியைத் திறப்பது உங்கள் சாதா ஷெல்தான், 'பெர்மிஷன் டினைட்' வரும். சூடோ -ஐ போட்டு உள்ளே போய் அடியுங்கள். எல்எஸ்ஓஎஃப்பில் சைஸ் அதற்குப் பிறகும் 23 ஜிபி என்றே காட்டலாம். பயப்பட வேண்டாம், அடுத்த பதிலில் யாராவது அதைச் சொல்வார்கள்.

வெள்ளி_டெப்ளாய்

நான் சொல்றேன். ஒத்தை > போட்டுத் திறந்த ஃபைல்ல ப்ராசஸ் தன் ஆஃப்செட்டைத் தானே வச்சிருக்கும். நீங்க காலி பண்ணாலும் அடுத்த வரியை 23-ஆவது ஜிபியிலதான் போய் எழுதும். முன்னாடி உள்ளது வெறும் ஓட்டை, டிஸ்க்ல இடம் எடுக்காது. இதுதான் ஸ்பார்ஸ் ஃபைல்.

இதை இப்ப சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அடுத்து எல்லாரும் "காப்பிட்ரங்கேட் போடுங்க" என்பாங்க, அதாவது ஃபைலை நகலெடுத்துட்டு அசலை அதே இடத்துல காலி பண்றது. போடலாம், உங்க கேஸுக்கு அதுதான் சரி. ஆனா ஒத்தை > அப்படியே இருந்தா முதல் ரொட்டேட்டுக்கு அப்புறம் லாக் தொடக்கம் முழுக்க நல் (பூஜ்ய மதிப்பு) பைட்டா இருக்கும். எல்எஸ் பெரிய சைஸ் காட்டும். கிரெப் பண்ணா வரிக்குப் பதிலா 'பைனரி ஃபைல் மேட்ச்சஸ்'னு வரும். நாள் முடியுமுன்னாடியே சுத்த வைக்கிற மேக்ஸ்சைஸ் வரம்பு பார்க்கிறதும் அந்தப் பொய் சைஸைத்தான், அதனால ஒவ்வொரு ஓட்டத்திலயும் ரொட்டேட் ஆகிட்டே இருக்கும். ராத்திரி 11 மணிக்கு ஸ்கிரிப்ட்ல >> ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்பெண்ட் மோடுன்னா ஒவ்வொரு எழுத்தும் ஃபைலோட இப்போதைய கடைசிக்குப் போகும். அப்புறம் இது:

/வார்/லாக்/பில்லிங்/*.லாக் {
டெய்லி
மேக்ஸ்சைஸ் 500எம்
ரொட்டேட் 14
கம்ப்ரெஸ்
மிஸ்ஸிங்ஓகே
நாட்இஃப்எம்ப்டி
காப்பிட்ரங்கேட்
}

கிரியேட் வேண்டாம், காப்பிட்ரங்கேட்டோட அது செல்லாது. ஸ்டாருக்குப் பின்னாடி .லாக் கட்டாயம். வெறும் * போட்டா ரொட்டேட் ஆன ஃபைலையே மறுபடி ரொட்டேட் பண்ணி .1.1.1னு வால் நீளும்.

காப்பிக்கும் ட்ரங்கேட்டுக்கும் நடுவுல வர்ற சில வரி தொலையும், அது இந்த முறையோட விலை. பில்லிங் லாக்ல ஒரு வரிகூடப் போகக்கூடாதுன்னா ஜாவா லாக் லைப்ரரியான லாக்பேக்கோட ரோலிங் பாலிசியை வச்சு அப்ளிகேஷனே ரொட்டேட் பண்ணட்டும், லாக்ரொட்டேட் அந்த ஃபைலைத் தொடவே கூடாது. ரெண்டு பேர் ஒரே ஃபைலைச் சுத்தினா யார் எதை அழிச்சாங்கன்னே தெரியாது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்குக் காப்பிட்ரங்கேட் தேவையே இல்ல, யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினா புதுசா திறந்துக்கும். பேக்கேஜோட வர்ற கான்ஃபிகே அதைச் செய்யுது.

இன்னொண்ணு. சைஸ் 100எம் போட்டா 100 எம்பி ஆன நிமிஷமே சுத்தும்னு நினைப்பு இருக்கு. லாக்ரொட்டேட் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கிற டீமன் இல்ல. டைமர் எழுப்பும்போது மட்டும் பார்க்கும், அது நாளைக்கு ஒரு தடவை. மணிக்கு ஒருமுறை வேணும்னா சிஸ்டம்சிடிஎல் எடிட் லாக்ரொட்டேட்.டைமர், அதுல [டைமர்] தலைப்புக்குக் கீழ முதல்ல 'ஆன்காலெண்டர்=' காலியா ஒரு வரி, அடுத்து 'ஆன்காலெண்டர்=ஹவர்லி', அப்புறம் 'அக்யூரசிசெக்=1எம்'. காலி வரி போடலன்னா பழைய டெய்லியும் சேர்ந்தே இருக்கும்.

கட்டளைக்கோடு

மேலே உள்ளதோடு இரண்டு விஷயம்.

ரொட்டேட் 14 என்பது 14 ஃபைல், 14 நாள் அல்ல. மேக்ஸ்சைஸும் மணிக்கொரு டைமரும் சேர்ந்தால் பரபரப்பான ஒரே நாளில் 14-ம் தீர்ந்துவிடும். இந்தியாவில் ஓடும் சர்வர் என்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022-இல் வெளியிட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ரொட்டேட் எண்ணை மிகப் பெரிதாக வைத்து, மேக்ஸ்ஏஜ் 180 (அதைவிடப் பழையதை நீக்கும்), டேட்எக்ஸ்ட் (எண்ணுக்குப் பதில் தேதியைப் பெயரில் சேர்க்கும்) போடுங்கள். டேட்எக்ஸ்ட்டின் இயல்பான பெயரில் தேதி மட்டுமே வரும். அதே நாளில் இரண்டாம் முறை சுழலும்போது 'டெஸ்டினேஷன் ஆல்ரெடி எக்சிஸ்ட்ஸ்' என்று விட்டுவிடும். டேட்ஃபார்மட்டில் மணியையும் சேர்க்க வேண்டும். 40 ஜிபி டிஸ்கில் 180 நாளும் கிடக்க வேண்டியதில்லை, சுருக்கியதை வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

அந்த 14 ஜிபியிலும் சில ஜிபி சிஸ்டம்டி வைத்திருக்கும் லாக்கான ஜர்னலாக இருக்கலாம். அளவு குறிப்பிடாவிட்டால் ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ் போட்டுப் பாருங்கள். --வேக்யூம்-சைஸ்=500எம் ஆர்கைவ் ஆன ஃபைல்களை மட்டுமே அழிக்கும், அதனால் முதலில் --ரொட்டேட் கொடுங்கள். நிரந்தரமாக வேண்டுமானால் ஜர்னல்டி.கான்ஃபில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்.

பில்லிங்_சர்வர்

எல்எஸ்ஓஎஃப் சொன்னபடியே 1டபிள்யூ, 2டபிள்யூ, என்லிங்க் 0. வெளியே எடுத்த லாக் ஜிஜிப்பில் 1.9 ஜிபி ஆனது. காலி செய்ததும் டிஎஃப் 37 சதவீதம். புது கான்ஃபிகை லாக்ரொட்டேட் -டி போட்டுப் பார்த்தால் 'பேரன்ட் டைரக்டரி ஹேஸ் இன்செக்யூர் பெர்மிஷன்ஸ்' என்று அந்த ஃபைலை விட்டுவிடுகிறது. பழைய கான்ஃபிகை பில்லிங்-பழையது என்று அதே லாக்ரொட்டேட்.டி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், அதனாலா?

இனோட்

அதனால் இல்லை. ஆனால் அதையும் வெளியே எடுங்கள், விலக்கப்பட்ட சில வால்பெயர்கள் தவிர அந்த ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் லாக்ரொட்டேட் படிக்கும். ஒரே ஃபைல் இரண்டு கான்ஃபிகில் இருந்தால் 'டூப்ளிகேட் லாக் என்ட்ரி' பிழை வரும். பெர்மிஷன் பிழைக்குக் காரணம், /வார்/லாக்/பில்லிங் 775 ஆக இருக்கும், குரூப் ரூட் இல்லை. ரூட்டாக ஓடும் லாக்ரொட்டேட் பிறர் எழுதக்கூடிய டைரக்டரியில் கை வைக்காது. 755 ஆக்குங்கள். குரூப்புக்கு எழுத உரிமை தேவை என்றால் கான்ஃபிகுக்குள் 'எஸ்யூ பில்லிங் பில்லிங்' என்று ஒரு வரி சேருங்கள், முதல் பெயர் யூசர், அடுத்தது குரூப்.

-டி ஒத்திகை மட்டுமே, எதையும் மாற்றாது. பிழை நீங்கி, ராத்திரி ரீஸ்டார்ட்டும் முடிந்ததும் -வி -எஃப் போட்டு அந்த ஒரு கான்ஃபிகை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு பில்லிங்.லாக்கில் புது வரிகள் வருகின்றனவா என்று டெய்ல் -எஃப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்எஸ்ஓஎஃப் +எல்1-ஐ இன்னொரு முறை ஓட்டுங்கள். இந்தத் தடவை ஜாவா வரி அதில் வரக்கூடாது.