காலண்டர் சிங்க் ஆகவில்லை, அவசரம்!!

அவசரக்குடுக்கை:
ஆபீஸ் காலண்டரை என் சொந்த மெயில் காலண்டரோடு இணைத்தேன். முதலில் எல்லா மீட்டிங்கும் அழகாக வந்தன. அப்புறம் போட்ட எதுவும் வரவில்லை. இங்கே போடுவதும் அங்கே போகவில்லை. நாளைக் காலை முக்கியமான மீட்டிங். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊர்க்குருவி:
எந்த ஆப், எந்த மெயில், போனா லேப்டாப்பா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

மின்கலம்:
பேட்டரி சேமிப்புதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பின்னணியில் ஓடும் ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

அவசரக்குடுக்கை:
போன், லேப்டாப் இரண்டிலும் இதே கதைதான். எல்லோரும் வைத்திருக்கும் ஆப்தான்.

மின்கலம்:
லேப்டாப்பிலும் பேட்டரி இருக்கிறதே.

ஊர்க்குருவி:
ஆப் பெயர் வராது போலிருக்கிறது. சரி, எப்படி இணைத்தீர்கள் என்றாவது சொல்லுங்கள். கோப்பை ஏற்றினீர்களா, லிங்க் கொடுத்தீர்களா, கணக்கையே சேர்த்தீர்களா?

சர்வர்சாமி:
இதற்குப் பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. ஐசிஎஸ் கோப்பை, அதாவது காலண்டர் விவரங்கள் அடங்கிய கோப்பை, ஏற்றினால் அது அந்த நேரத்துப் பிரதி. அங்கே பிறகு எது மாறினாலும் இங்கே வராது. ஐசிஎஸ் லிங்க்கைச் சேர்த்தால் மாற்றம் வரும், ஆனால் படிக்க மட்டும்தான். இரண்டு பக்கமும் போட, திருத்த வேண்டுமென்றால் கணக்கையே சேர்க்க வேண்டும், கால்டாவ் என்ற பொதுவான காலண்டர் இணைப்பு முறை வழியாகவோ மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வழியாகவோ. கால்டாவ் 2007-லேயே ஆர்எஃப்சி 4791 என்ற இணையத் தர ஆவணமாக வந்துவிட்டது. இன்னும் கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

துளசி:
லிங்க் என்றாலும் உடனே வராது. கூகுள் காலண்டரில் 12 மணி நேரம் வரை ஆகலாம். அவுட்லுக் டாட் காமில் சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, சில சமயம் 24 மணி நேரத்தையும் தாண்டும். நாளைக் காலைக்கு இதை நம்பாமல் ஆபீஸ் காலண்டரையே திறந்து பார்த்துவிடுங்கள்.

கடிகாரம்:
டைம்சோனைப் பார்த்தீர்களா?

ஊர்க்குருவி:
டைம்சோன் தப்பென்றால் மீட்டிங் நேரம் தள்ளிப்போகும். காணாமல் போகாது.

கடிகாரம்:
தள்ளிப்போய் முந்தைய நாளில் உட்கார்ந்துகொண்டால் காணாமல் போன மாதிரிதானே?

நிழல்:
அதை விடுங்கள். ஆபீஸ் காலண்டரின் அந்த ரகசிய ஐசிஎஸ் லிங்க்கை வெளியே கொடுக்கலாமா? அது யார் கையில் கிடைத்தாலும் பாஸ்வேர்ட் இல்லாமலே எல்லாவற்றையும் படிக்கலாம்.

மின்கலம்:
மீட்டிங் தலைப்பில் என்ன, ராணுவ ரகசியமா இருக்கப்போகிறது?

நிழல்:
யாரை வேலையை விட்டு எடுக்கலாம் என்பதைத் தலைப்பிலேயே எழுதுகிறவர்கள் உண்டு. வீடியோ மீட்டிங் லிங்க்கும் அதன் பாஸ்வேர்டும் கீழே குறிப்பில் கிடக்கும்.

சர்வர்சாமி:
கசிந்தால் லிங்க்கை ரீசெட் செய்தால் பழையது செத்துவிடும். இதற்கு ஒரு சண்டையா?

நிழல்:
கசிந்தது தெரிந்தால்தானே ரீசெட் செய்வீர்கள்?

அவசரக்குடுக்கை:
கணக்கையே சேர்த்தேன், இப்போது வருகிறது. நன்றி. ஆனால் பழைய மீட்டிங் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

ஊர்க்குருவி:
அப்படியென்றால் முதலில் கோப்பைத்தான் ஏற்றியிருக்கிறீர்கள். தனிக் காலண்டரில் ஏற்றியிருந்தால் அந்தக் காலண்டரையே நீக்கிவிடலாம். சொந்தக் காலண்டருக்குள் கொட்டியிருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். எது எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்து அழியுங்கள். கணக்கு வழியாக வந்ததை அழித்தால் ஆபீஸிலும் போய்விடும்; நீங்கள் கூட்டிய மீட்டிங் என்றால் எல்லோருக்கும் ரத்து மெயிலே போகலாம். எதில் ஏற்றினீர்கள்?